சர்வர் ரேக்குக்கு எந்தப் பி.டி.யூ.? பேசிக், மீட்டர்டு, சுவிட்ச்டு: ஓர் ஒப்பீடு

எங்கள் கல்லூரிக் கணினி மையத்துக்கு இந்த ஆண்டு சர்வர்களை அடுக்கி மாட்டும் இரண்டு புதிய ரேக்குகள் வருகின்றன. சர்வர் எது, ஸ்டோரேஜ் எது என்று மூன்று மாதம் பேசி முடித்தாயிற்று. பட்டியலின் கடைசியில் ஒரே ஒரு வரி பாக்கி: "பி.டி.யூ. – 4". யுபிஎஸ்ஸிலிருந்து வரும் மின்சாரத்தை ரேக்கில் இருக்கும் கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சாக்கெட் பட்டை அது. கொட்டேஷன் கொடுத்த மூன்று பேரும் மூன்று விதமாகப் போட்டிருந்தார்கள். ஒருவர் வெறும் பட்டை. இன்னொருவர் எவ்வளவு ஆம்பியர் ஓடுகிறது என்று நெட்வொர்க்கில் காட்டும் வகை. மூன்றாமவர் ஒவ்வொரு சாக்கெட்டையும் வீட்டிலிருந்தே ஆன், ஆஃப் செய்யும் வகை. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் விலை பல மடங்கு வித்தியாசம்.

பெரும்பாலும் இந்த வரியை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. விலை குறைந்ததை டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். நான் அப்படிச் செய்யாததற்குக் காரணம், எங்கள் பழைய ரேக்கில் நடந்த ஒரு சம்பவம்.

அந்த ரேக்கில் ஏ, பி என்று இரண்டு பி.டி.யூ.க்கள், ஒவ்வொன்றும் 16 ஆம்பியர், தனித்தனி யுபிஎஸ்ஸிலிருந்து. சர்வர்களுக்கு இரட்டைப் பவர் சப்ளை. ஒன்று ஏ-யில், மற்றது பி-யில். ஒரு பக்கம் போனாலும் இன்னொரு பக்கம் தாங்கும் என்பதுதான் ஏற்பாடு. ஒரு நாள் பி பக்க யுபிஎஸ்ஸுக்குப் பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது. நிறுத்தினோம். ஒரு சர்வர்கூட அணையவில்லை. எல்லோருக்கும் நிம்மதி. 25 நிமிடம் கழித்து ஏ பக்க எம்சிபி, அதாவது லோடு மிஞ்சினால் தானே அணையும் பிரேக்கர், விழுந்தது. மொத்த ரேக்கும் இருண்டது. மாணவர்கள் ஹால் டிக்கெட் இறக்கிக்கொண்டிருந்த நாள் அது.

பிறகு அளந்து பார்த்தோம். சாதாரண நேரத்தில் ஏ-யில் 11 ஆம்பியர், பி-யில் 12. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் 16-க்குள் அடக்கம். பி போனதும் 23 ஆம்பியரும் ஏ தலையில். ஏன் உடனே விழவில்லை என்று கேட்கலாம். எம்சிபி அப்படித்தான் வேலை செய்யும். ஷார்ட் சர்க்யூட் என்றால் கண் இமைக்கும் நேரத்தில் விழும். கொஞ்சம் கூடுதல் லோடு என்றால் உள்ளே இருக்கும் உலோகப் பட்டை மெதுவாகச் சூடாகி வளைந்த பிறகுதான் விழும். ஐஇசி 60898 என்ற சர்வதேசத் தரப்படி, குறித்த ஆம்பியரைப் போல 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் விழாமல் இருக்க வேண்டும், 1.45 மடங்கு வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். எங்கள் 23 ஆம்பியர் 1.44 மடங்கு. அதனால்தான் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நம்பிவிட்ட பிறகு விழுந்தது.

ஆகவே எந்த வகை என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு கணக்கு: ஒரு பக்கம் முழுதாகப் போய்விட்டால், மிச்சமிருக்கும் ஒரு பி.டி.யூ. எவ்வளவு சுமக்கும்? புதிய ரேக் ஒவ்வொன்றிலும் சுமார் 4 கிலோவாட் வரும் என்று வைத்திருக்கிறோம். 230 வோல்ட்டில் அது 17.4 ஆம்பியர். 16 ஆம்பியர் பி.டி.யூ. இங்கேயே வெளியே போய்விட்டது. அதை ஜோடியாக வாங்கினால் காகிதத்தில் 32 ஆம்பியர் மாதிரித் தெரியும், தேவைப்படும் நாளில் 16 தான். தொடர்ந்து ஓடும் லோடு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற அமெரிக்க விதியை நம் ஊரிலும் பலர் பின்பற்றுகிறார்கள், நல்ல பழக்கம். அந்தக் கணக்கில் 16 ஆம்பியர் பட்டை 12.8 வரை, அதாவது 2.9 கிலோவாட். 32 ஆம்பியர் பட்டை 25.6 வரை, 5.9 கிலோவாட். எங்களுக்கு 32 தான். இரண்டு பக்கமும் ஓடும்போது ஒவ்வொன்றும் 40 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று சொல்வதும் இதே கணக்குதான்.

த்ரீ ஃபேஸ் பி.டி.யூ. வேண்டுமா என்றும் ஒருவர் கேட்டார். 400 வோல்ட்டில் 16 ஆம்பியர் த்ரீ ஃபேஸ் பட்டை ஒன்று 11 கேவிஏ கொடுக்கும். ரேக்குக்கு 8, 10 கிலோவாட் ஓடும் இடத்தில் அதுதான் சரி. எங்கள் 10 கேவிஏ யுபிஎஸ்ஸுக்கு உள்ளே வருவது த்ரீ ஃபேஸ், வெளியே போவது சிங்கிள் ஃபேஸ். இந்த அளவு யுபிஎஸ் பலவும் அப்படித்தான். அதற்குப் பின்னால் த்ரீ ஃபேஸ் பட்டை வைத்து ஒரு பயனும் இல்லை.

சரி, இப்போது வகைகள்.

பேசிக் வகையிலிருந்து தொடங்குகிறேன். இதில் சாக்கெட், கேபிள், அதிகபட்சம் ஒரு பிரேக்கர். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாததால் கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை. நல்ல கம்பெனியின் பேசிக் பட்டை பல ஆண்டு சத்தமில்லாமல் ஓடும். ஒரு நெட்வொர்க் சுவிட்ச், ஒரு ஃபயர்வால், கேமரா காட்சியைப் பதியும் ஒரு என்விஆர் மட்டும் இருக்கும் சின்ன ரேக்குக்கு இது போதும். அங்கே லோடு என்ன என்று ஒரு முறை அளந்துவிட்டால் வருடக்கணக்கில் மாறாது. பேசிக் என்றதும் கடையில் விற்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நினைத்துவிட வேண்டாம். எல்லா நாட்டுப் பிளக்கையும் ஏற்கும் யுனிவர்சல் சாக்கெட் எந்தப் பிளக்கையும் இறுக்கிப் பிடிப்பதில்லை. லேசாக ஆடும் பிளக்கில் தொடர்பு சரியாக இல்லாமல் சூடாகும், பிளாஸ்டிக் பழுப்பாகும், ஒரு நாள் கருகும். ஒரு பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸ் என்று தொடர் போட்ட ரேக்குகளைக் கல்லூரிகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

பேசிக் பட்டையின் ஒரே குறை, அது எதையும் சொல்லாது. யாராவது போய் அளக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் கையில் இருக்கும், ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டர் போதும். ஆனால் பட்டையின் கேபிளை மொத்தமாகக் கவ்வினால் பூஜ்யம்தான் காட்டும். ஃபேஸில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் ஒன்றையொன்று கழித்துவிடும். மின்சாரம் பிரியும் டிபி பாக்ஸைத் திறந்து ஃபேஸ் ஒயரை மட்டும் தனியாகக் கவ்வ வேண்டும். மாதம் ஒரு முறை இதை விடாமல் செய்ய ஆள் இருந்தால், பணம் குறைவான இடத்தில் பேசிக்கே சரியான தேர்வு. எங்கள் இடத்தில் முதல் இரண்டு மாதம் செய்தோம். அப்புறம் செமஸ்டர் தேர்வு வந்தது, நின்றுபோனது.

மீட்டர்டு வகையில் இரண்டு உண்டு, கொட்டேஷனில் இரண்டையும் ஒரே பெயரில் எழுதிவிடுகிறார்கள், கவனியுங்கள். ஒன்று, பட்டையிலேயே சின்னத் திரை வைத்தது. ரேக் பக்கத்தில் போய் நின்றால் எண் தெரியும். மற்றது, நெட்வொர்க் போர்ட் உள்ளது. எஸ்என்எம்பி என்ற கண்காணிப்பு நெறிமுறை வழியாக எண்ணை வெளியே அனுப்பும், எல்லை தாண்டினால் மெயில் அனுப்பும். திரை மட்டும் உள்ளதை வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ரேக்கின் பின்கதவுக்குள் வெப்பக் காற்றில் இருக்கும் எண்ணை யாரும் தினமும் போய்ப் படிப்பதில்லை. எங்கள் பழைய ரேக்கில் அந்தத் திரை இருந்திருந்தாலும் 11, 12 என்று காட்டியிருக்கும், இரண்டும் பச்சையில் இருந்திருக்கும்.

நெட்வொர்க் மீட்டர்டு பட்டை தனியாக என்ன செய்துவிடும்? ஏ-யையும் பி-யையும் கூட்டிப் பார்க்க வைக்கும். இரண்டு எண்ணும் ஒரே கண்காணிப்பு மென்பொருளுக்கு வந்தால், கூட்டுத்தொகை 25.6-ஐத் தாண்டும்போது எச்சரிக்கை வைக்கலாம். கூட்டிப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் லோடு இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகத்தான் இருக்கும் என்று நம்ப முடியாது. பல சர்வர்களில் மின்சாரம் மிச்சப்படுத்த ஒரு பவர் சப்ளையை ஏறக்குறைய தூங்க வைக்கும் அமைப்பு உண்டு. அது இயங்கினால் ஏ-யில் 15, பி-யில் 3 என்றுகூட வரும். பி-யைப் பார்த்து "இடம் இருக்கிறதே" என்று புதிய சர்வரைச் செருகுபவர் பலர்.

இன்னொரு வசதியும் உண்டு. இந்தப் பட்டைகள் பலவற்றில் வெப்பம், ஈரப்பதம் அளக்கும் சென்சாரை இணைக்கலாம். சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பது குளிரூட்டல் பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பின் பரிந்துரை. ஞாயிற்றுக்கிழமை ஏசி நின்றால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது நாம்தான். எங்கள் ஊர் ஏப்ரல், மே மாதத்தில் இந்த ஒரு சென்சாருக்காகவே நான் இந்த வகையை எடுப்பேன்.

அடுத்தது சுவிட்ச்டு. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் ஒரு ரிலே, அதாவது கட்டளைக்கு இயங்கும் சுவிட்ச். தொங்கிப்போன, அதாவது இயங்காமல் உறைந்துபோன, கருவியைத் தூரத்திலிருந்தே அணைத்து மறுபடி போடலாம். மின்சாரம் திரும்பும்போது எல்லாவற்றையும் ஒரே நொடியில் எழுப்பாமல் வரிசையாக எழுப்பலாம். நிறையக் கருவிகள் ஒன்றாக ஆன் ஆகும்போது ஒரு கணம் ஏறும் மின்னோட்டத்தில் பிரேக்கர் விழுந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். யாருக்கும் ஒதுக்காத சாக்கெட்டை அணைத்தே வைக்கலாம். நாளை யாரோ கேட்காமல் எதையோ செருக முடியாது.

இவ்வளவு இருந்தும் எங்கள் ரேக்குக்கு இது வேண்டாம் என்று சொன்னேன். சர்வர்களைப் பொறுத்தவரை, அவற்றின் மதர்போர்டிலேயே தனி மேலாண்மைச் சிப் இருக்கிறது. தொங்கினால் அதன் வழியாகவே அணைத்துப் போடலாம். பி.டி.யூ. மூலம் செய்ய வேண்டுமானால் ஏ, பி இரண்டிலும் அந்தச் சர்வருக்கான சாக்கெட்டுகளைச் சேர்த்து அணைக்க வேண்டும். பட்டையின் 7-ஆம் எண்ணில் எது இருக்கிறது என்று மென்பொருளில் எழுதியிருப்பதும் உண்மையில் செருகியிருப்பதும் ஒன்றாக இருந்தால்தான் இது பாதுகாப்பு. ஒரு நாள் அவசரத்தில் யாரோ கேபிளை மாற்றிச் செருகி, எழுத மறந்தால், நடுராத்திரி அணைவது வேறு சர்வர். பத்துப் பேர் மாறி மாறி வேலை செய்யும் கல்லூரி அறையில் அந்த ஒழுங்கை நான் நம்பவில்லை. ரிலே ஒவ்வொன்றும் கெட்டுப்போகக்கூடிய பொருளும்கூட.

ஆனால் நகரின் மறுபக்கம் எங்களுக்கு ஒரு சின்னக் கிளை வளாகம் இருக்கிறது. அங்கே ஒரு ரேக், ஒரு ரவுட்டர், ஃபைபர் மோடம், இரண்டு சுவிட்ச். மேலாண்மைச் சிப் எதிலும் இல்லை. மோடம் தொங்கினால் ஒருவர் பேருந்தில் போய்ப் பிளக்கைப் பிடுங்கிச் செருகிவிட்டு வர வேண்டும், அரை நாள் போகும். அங்கே 8 சாக்கெட் உள்ள ரேக்கில் கிடையாக மாட்டும் படுக்கை வகைச் சுவிட்ச்டு பட்டை ஒன்று கேட்டிருக்கிறேன். அதில் இருக்கும் கருவிகள் எல்லாம் ஒற்றைப் பவர் சப்ளை, அதனால் குழப்பமும் இல்லை. ஒரு நிபந்தனை: வாங்கும்போது ரிலே பைஸ்டேபிள் வகையா என்று கேளுங்கள். அந்த வகையில் பட்டையின் கன்ட்ரோலர் ரீபூட் ஆனாலும், செத்தேபோனாலும், சாக்கெட் கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும். பட்டைக்கு வரும் இணையம் அதே பட்டையில் இருக்கும் மோடம் வழியாகத்தான் வருகிறது என்பதையும் யோசியுங்கள். அணைத்துவிட்டால் மறுபடி போட வழி இருக்காது. "10 நொடி அணைத்துத் தானே எழுப்பு" என்ற கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும், ஆஃப் பொத்தானைத் தொடவே கூடாது.

நெட்வொர்க்கில் சேரும் எந்தப் பட்டையும், மீட்டர்டோ சுவிட்ச்டோ, தொழிற்சாலைப் பாஸ்வேர்டோடு வரும். அதை முதல் நாளே மாற்ற வேண்டும். எஸ்என்எம்பியில் பழைய பதிப்புகள் ரகசியச் சொல்லைத் திறந்த எழுத்தாகவே அனுப்பும். 3-ஆம் பதிப்புக்கு மாறிவிட்டு மற்றதை அணைத்துவிடுங்கள். மாணவர் வைஃபையிலிருந்து எட்டக்கூடிய இடத்தில் இதை வைக்கக் கூடாது, விலான் என்ற தனி நெட்வொர்க் பிரிவு போதும். மொத்த ரேக்கின் உயிர் ஒரு இணையப் பக்கத்தில் இருக்கிறது என்றால் அதைப் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

எங்கள் முடிவு: இரண்டு ரேக்குக்கும் 32 ஆம்பியர், நெட்வொர்க் மீட்டர்டு, நிற்கும் வகை, ரேக்குக்கு இரண்டு. கிளைக்கு ஒரு சுவிட்ச்டு. சாக்கெட் வாரியாக அளக்கும் வகையை விட்டுவிட்டேன். வாடகைக்கு இடம் கொடுத்து ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் மின்கட்டணம் வாங்குபவர்களுக்கு அது அவசியம், எங்களுக்கு யாரிடமும் வசூலிக்க வேண்டியதில்லை.

ஆர்டர் போடும் முன் இன்னும் சிலவற்றைக் கேட்டு எழுதி வாங்கினேன். 32 ஆம்பியர் பட்டைக்குள் வழக்கமாக இரண்டு பகுதிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் 16 ஆம்பியர் பிரேக்கர். வெளியே 32 என்று எழுதியிருந்தாலும் எல்லாச் சர்வரையும் மேல் பாதியிலேயே செருகினால் பழைய கதைதான். ஆகவே மீட்டர் பகுதிவாரியாகவும் காட்ட வேண்டும். அந்தப் பிரேக்கர் ஹைட்ராலிக்-மேக்னெடிக் வகையாக இருந்தால் நல்லது. சாதாரண எம்சிபி வெப்பத்தால் வேலை செய்வது, 30 டிகிரிக்கு அளவு வைத்தது. ரேக்கின் பின்பக்கம் 40 டிகிரியில் அது முன்னதாகவே விழும். ஹைட்ராலிக் வகை விழும் அளவு சுற்றுச்சூட்டால் மாறாது.

சாக்கெட்டில் சி13, சி19 என்று இரண்டு வகை, எத்தனை எத்தனை என்று எண்ணுங்கள். சி13 ஐஇசி கணக்கில் 10 ஆம்பியர், சி19 16 ஆம்பியர். பெரிய ஸ்டோரேஜ், பிளேடு சேசிஸ் எல்லாம் சி19 கேட்கும். நம் நாட்டில் சர்வரோடு வரும் கேபிள் பெரும்பாலும் சுவரில் செருகும் மூன்று முள் பிளக்கோடு வரும். அது சி13-இல் ஏறாது. ஒரு முனை பட்டையிலும் மறுமுனை சர்வரிலும் ஏறும் சி13-சி14 கேபிளைத் தனியாக ஆர்டர் போட மறந்து, பெட்டி பிரித்த நாளில் எல்லோரும் கையைப் பிசைந்து நின்றதுண்டு. ஏ-க்குச் சிவப்பு, பி-க்கு நீலம் என்று நிறம் பிரித்து, பூட்டும் வகையில் வாங்கினால் பாதிப் பிரச்சினை குறையும்.

நிற்கும் வகை ரேக்கின் பின் ஓரத்தில் நிற்பதால் ஒரு யூ (ரேக்கில் உயரத்தை அளக்கும் அலகு) இடமும் பிடிக்காது. படுக்கை வகை 44 மி.மீ. உயரமுள்ள ஒரு யூவைத் தின்னும். ஆனால் 600 மி.மீ. அகலமும் 1000 மி.மீ. ஆழமும் உள்ள பழைய ரேக்கில் நிற்கும் பட்டை சர்வரின் பவர் சப்ளைக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். பவர் சப்ளை கெட்டால் உருவ முடியாது. சர்வரை அணைக்காமல் மாற்றலாம் என்ற வசதியே போய்விடும். டேப் வைத்து அளந்த பிறகு புது ரேக்கை 800 மி.மீ. அகலத்துக்கு மாற்றச் சொன்னோம்.

மாட்டும் நாளில் கவனிக்க வேண்டியது எர்த். ஒவ்வொரு பவர் சப்ளையும் சில மில்லிஆம்பியரை எர்த்தில் கசிய விடும், அது இயல்பு. ஒரு ரேக்கில் 20, 30 பவர் சப்ளை சேரும்போது எர்த் ஒயர் எங்காவது விட்டிருந்தால் ரேக் சட்டமே ஷாக் அடிக்கும். இதே காரணத்தால் வீட்டில் போடும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியை (மின்சாரம் கசிந்தால் தானே அணையும் பிரேக்கர்) முழு ரேக்குக்கும் போட்டால் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். ரேக் சட்டம், கதவு, பட்டையின் உடல் மூன்றையும் எர்த்தோடு தனி ஒயரில் பிணைக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நாங்கள் எதையும் ஆன் செய்வதில்லை. கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்றச் சொல்லித் தோட்டக்காரர் அண்ணனிடம் வாரம் ஒரு முறை நினைவுபடுத்துகிறேன்.

யுபிஎஸ்ஸிலிருந்து 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.) காப்பர் கேபிள், முனையில் நீல நிறத் தொழிற்சாலைச் சாக்கெட். அதைத் தரையில் கிடத்தாதீர்கள். எங்கள் அறையில் உயர்த்திய தரை கிடையாது, காலையில் துடைக்கும் தண்ணீர் நேராக அங்கேதான் போகும். சுவரில் முழங்கால் உயரத்தில் பிடிக்க வைத்தோம். ஒற்றைப் பவர் சப்ளை உள்ள பழைய சுவிட்ச் ஒன்று மிச்சம். அதற்குச் சின்ன ஏடிஎஸ் ஒன்று, ஏ போனால் சில மில்லிசெகண்டுகளில் பி-க்கு மாற்றிவிடும்.

பராமரிப்பில் வருடம் ஒரு முறை முழு லோடு ஓடும்போது தெர்மல் கேமராவில் எல்லாப் பிளக்கையும் டிபி பாக்ஸையும் பார்க்கிறோம். ஒரே மாதிரி லோடு உள்ள பத்தில் ஒன்று மட்டும் சூடாகத் தெரிந்தால் அங்கே ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. இறுக்குவது மின்சாரத்தை அணைத்த பிறகு மட்டுமே. டிபி பாக்ஸின் கேபிள் ஓட்டைகளை அடைத்து வையுங்கள், பல்லி உள்ளே போய் ஷார்ட் ஆவது நம் ஊரில் சாதாரணம். மெயில் எச்சரிக்கை உண்மையிலேயே வருகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லையை வேண்டுமென்றே குறைத்துப் பார்க்கப்போகிறோம். கன்ட்ரோலரை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய மாடலாக எடுத்ததால், அது செத்தாலும் சர்வரை அணைக்க வேண்டியதில்லை.

பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரி நானே சேர்த்தேன். எல்லாம் மாட்டி, சர்வர்கள் முழு வேலையில் ஓடும்போது, பி பக்கத்தை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு பி-யைப் போட்டு, ஏ-யை அணைத்து இன்னொரு மணி நேரம். ஐந்து நிமிடம் போதாதா, நேரம் வீண்தானே என்று சப்ளையர் கேட்டார். 25-ஆவது நிமிடத்தில் நடந்ததைச் சொன்னேன். மாட்டும் நாளில் முழு மதியத்தையும் எங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்.